சனிக்கிழமை எழும்பூர், வருகிறவர்கள் பெயர் போடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான எழும்பூர் அரசு அருங்காட்சியகப் பயணம் சனிக்கிழமைதான், வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. காலை 10 மணிக்கு வெண்கலச் சிலைக் கூடத்து வாசலில் நிற்கவும்.

போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 1930-இல் வேதியியலாளர் பரமசிவன் தொடங்கிய வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது, அரிப்புப் பிடித்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில், அதாவது கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, மீட்டது அதன் ஆரம்ப காலப் பெரிய வேலை. அந்த முறை சிலையை அரிக்கும் குளோரைடு உப்போடு சேர்த்துப் பழைய பச்சைப் படலத்தையும் எடுத்துவிடும் என்பதால் இன்று பலர் அதை விரும்புவதில்லை, அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருள் பக்கம் போகிறார்கள். படலம் போவதில் எனக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு, அந்தப் படலம்தானே சிலை மண்ணில் கிடந்ததற்கான சாட்சி!

அப்புறம், பச்சையாக இருப்பதெல்லாம் ‘வெண்கல நோய்’ (சிலையைத் தின்றுகொண்டே போகும் அரிப்பு) இல்லை. வழவழப்பாக, அழுத்தமாக இருந்தால் பயமில்லை. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் உள்ளே குளோரைடு இருக்கிறது, காற்றில் ஈரம் ஏற ஏற அது வளரும். கடலோரச் சென்னையில் சொல்லவே வேண்டாம்.

தயவுசெய்து எதையும் தொடாதீர்கள், வியர்வையிலும் உப்புத்தான். கருத்தரங்கக் கட்டுரைச் சுருக்கங்களை அடுத்த திங்களுக்குள் கொடுத்தால் போதும். சரி, வருகிறவர்கள் இன்றிரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.