மணல்வாரி (தட்டம்மை) ஊசி நோட்டீஸைத் தமிழிலும், ஊசி முகாமை ஞாயிற்றுக்கிழமையும் கேட்டு மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தேயிலைக் கொழுந்துத் தொழிலாளி மற்றும் லயக் (தோட்டத்து வரிசை வீடுகள்) குடியிருப்போர்,
தேவிகுளம் தாலுகா.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்கள்,
இடுக்கி மாவட்டம், கேரளா.

மதிப்பிற்குரிய ஐயா,

போன ஆடியில் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு மணல்வாரி போட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம், கறி மீனை நிறுத்தினோம், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்காகக் காத்திருந்தோம். ஏழாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நிமோனியா என்றார்கள். பிழைத்துவிட்டான். காதில் சீழ் வடிவதுதான் இன்னும் நிற்கவில்லை.

ஒன்பது மாதம் முடிந்ததும் ஏன் ஊசி போடவில்லை என்று மகளைக் கேட்டேன். வீட்டுக்கு வந்த நோட்டீஸ் மலையாளத்தில் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் எழுத்துக்கூட்டி 'அஞ்சாம்பனி' என்று வாசித்தானாம். "பனிக்கு எதுக்கு ஊசி, இந்த மலையில பனி இல்லாத நாள் ஏது" என்று மடித்து வைத்துவிட்டாள். அஞ்சாம்பனி என்பது நம் மணல்வாரிதான், தட்டம்மைதான் என்று எனக்கே ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. நாற்பது வருடமாக மலையாளம் கேட்கிறவள் நான்.

ஊசி வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஆத்தா கோபிப்பாள் என்பார்கள். ஊசிக் காய்ச்சல் வந்தால் மறுநாள் வேலைக்குப் போக முடியாதே என்ற பயம் அதைவிடப் பெரிது. ஆத்தா பேச்சு எடுப்பவர்களுக்கு என் அம்மாவின் முகத்தைச் சொல்வேன். பெரியம்மைத் தழும்பு குழி குழியாக இருக்கும். 1975க்குப் பிறகு இந்த நாட்டில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை. அதற்காக மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை யாரும் நிறுத்திவிடவில்லையே.

வேப்பிலையை எடுக்கச் சொல்லாதீர்கள். அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே வரமாட்டார், அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் மணல்வாரி மேலுக்குத் தெரிவதற்கு நாலு நாள் முன்பே ஒட்டத் தொடங்கிவிடும் என்று நர்ஸம்மா சொன்னார். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில், வேப்பிலை செருகும்போது அது அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். பெண்களிடம் இப்படிச் சொன்னால் கேட்கிறார்கள். திட்டினால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

நோட்டீஸைத் தமிழிலும், 'மணல்வாரி' என்ற சொல்லைப் போட்டே அச்சடிக்க வேண்டும். நாங்கள் அரசுக்குத் தமிழில் எழுதக் கேரளச் சட்டம் இடம் தருகிறது. அரசும் எங்களுக்குத் தமிழில் எழுதலாமே. ஊசி போடுவது புதன்கிழமை. அன்று கொழுந்துக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. மாதம் ஒரு ஞாயிறாவது லயத்துக்கே வந்து போட ஏற்பாடு செய்யுங்கள். அப்புறம், பேறுகாலத்துக்குப் போடி, கம்பம் பக்கம் தாய்வீடு போய் வருகிறவர்கள் தமிழ்நாட்டுத் தடுப்பூசி அட்டையோடு வருவார்கள். அதைப் பார்த்து, விட்டுப்போன ஊசிகளைப் போட வேண்டும். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாம் மணல்வாரி ஊசியைத்தான் எங்கள் லயத்தில் அதிகம் மறக்கிறார்கள்.

எங்கள் லயத்தில் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி எழுதிய தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லயக் குடியிருப்போர் சார்பில்
(கையொப்பம், கைநாட்டுகள்)