கோயமுத்தூர்னா சம்பளத்துல கழிவு உண்டாங்க?

ஆசிரியர் சாருக்கு வணக்கங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஐடி சம்பளம் பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். படமெல்லாம் நல்லா கலர்ல இருந்துச்சு. ஆனா கடைசில ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, கோவை, மதுரை, திருச்சி பசங்க பெங்களூரு சம்பளத்தை எதிர்பார்க்காம ஊருக்கேத்த சம்பளத்தை எதிர்பார்த்தா வேலை வீடு தேடி வரும்னு. அதப் படிச்சதுல இருந்து காபி இறங்கலைங்க. எழுதுன தம்பிக்கு உங்க ஆபீஸ்ல ஊருக்கேத்த சம்பளம்தான் குடுக்கறீங்களான்னு கேக்கத் தோணுச்சு, கேக்கல.

ஊருக்கேத்தன்னா என்னங்க சார்? வாடகை இங்க கம்மிதான், ஒத்துக்கறேன், அதுவும் சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் இப்ப வந்து வீடு தேடிப் பாருங்க, அட்வான்ஸ் சொல்றப்பவே தெரியும். மத்ததெல்லாம்? லேப்டாப் ஒரே விலை, ஃபோன் ஒரே விலை, பெட்ரோல் கிட்டத்தட்ட ஒரே விலை. வீட்டுக் கடனுக்கு வட்டி போடறப்ப இவன் கோயமுத்தூர்காரன் பாவம், அரை பர்சன்ட் குறைப்போம்னு எந்த பேங்க்ல சொல்றாங்க? நாங்க எழுதுற கோடுக்கு அமெரிக்கா க்ளையன்ட்டுக்கு டாலர்லதான் பில் போகுது, அந்த பில்லுல அவினாசி ரோடு தள்ளுபடின்னு ஒரு வரி இருந்து நான் பாத்ததே இல்ல.

என் கதையே சொல்றேன். ஈசிஈ முடிச்சுட்டு கணபதியில ஒரு மெஷின் கம்பெனியில சேந்தேன், மில்லுக்குப் போற மெஷினுக்கு கன்ட்ரோலர் ப்ரோக்ராம் எழுதற வேலை, ராத்திரி மில்லுல மெஷின் நின்னா அங்கயே போய் சரி பண்ணணும். அதே சி லாங்குவேஜ்ல எழுதுன என் க்ளாஸ்மேட் பெங்களூர்ல ஒரு வெளிநாட்டு கம்பெனியோட சொந்த சென்டர்ல, இப்ப ஜிசிசின்னு சொல்றாங்களே அதுல, என்னை விட மூணு மடங்கு வாங்கினான். அவன் ஒண்ணும் மூணு மடங்கு புத்திசாலி இல்லைங்க, லேப் ரெக்கார்ட என்னப் பாத்துதான் எழுதுவான். இது ஊர் வித்தியாசம் மட்டும் இல்ல, துறை வித்தியாசம். பம்பு, மில்லு, வால்வுன்னு சொன்னா ஒரு ரேட், பேங்க், இன்சூரன்ஸ், ரீடெயில்னு சொன்னா ஒரு ரேட். உங்க கட்டுரையில இதப் பத்தி ஒரு வரி இல்ல, எல்லாரையும் ஐடின்னு ஒரே மூட்டையில கட்டிட்டீங்க.

அப்புறம் நான் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மாறலாம்னு இன்டர்வியூ போனேன், நாலு ரவுண்டும் க்ளியர். கடைசில ஹெச்ஆர் அம்மா எக்ஸ்பெக்டட் எவ்ளோன்னு கேட்டாங்க, சொன்னேன். சிரிச்சுட்டு, "இங்க சொந்த வீடுதானே சார் உங்களுக்கு?"ன்னு கேட்டாங்க. எங்கப்பா கட்டுன வீட்டுக்கு அந்தக் கம்பெனி எதுக்குங்க வாடகை கழிக்கணும்? அதோட விடல, மூணு மாச பேஸ்லிப் குடுங்க, அதுல இருந்து முப்பது பர்சன்ட் ஏத்தித் தரோம்னாங்க. அப்ப முதல் வேலையில மில்லு மெஷின் கம்பெனியில கம்மியா வாங்கினவன் ரிட்டயர் ஆகற வரைக்கும் அந்தக் கம்மிய முதுகுல தூக்கிட்டுத்தான் திரியணும். இது உங்களுக்குத் தெரியாததா, உங்க ரிப்போர்ட்டருங்க பேப்பர் மாறுறப்பவும் இதேதானே நடக்கும்.

எதிர்பார்ப்பு ஜாஸ்தியாம். 2010 வாக்குல பெரிய சர்வீஸ் கம்பெனிங்க ஃப்ரெஷருக்கு வருஷத்துக்கு மூணு, மூணேகால் லட்சம் குடுத்தாங்க. இன்னிக்கும் மூணரை பக்கம்தான் நிக்குது. அப்ப பவுன் பதினஞ்சாயிரம் பக்கம், இப்ப என்ன விலைன்னு நீங்களே தினமும் முதல் பக்கத்துல போடறீங்க. 2024ல காக்னிசன்ட் டிகிரி பசங்களுக்கு 2.52 லட்சம்னு அறிவிச்சப்ப ஊரே கிண்டல் பண்ணுச்சு, அது இன்ஜினியரிங் படிக்காதவங்களுக்குன்னு கம்பெனி விளக்கம் குடுத்துச்சு, சரி, அவங்களுக்கு மட்டும் மாசம் 21,000ல சென்னையில குடித்தனம் நடந்துருமா?

தமிழ்நாடு அரசாங்கமே 2024 பட்ஜெட்ல, ஜிசிசியில மாசம் ஒரு லட்சத்துக்கு மேல சம்பளம் குடுக்கற வேலைகளுக்கு முதல் வருஷம் 30, அடுத்து 20, அப்புறம் 10 சதவீதம் மானியம்னு சொல்லிருக்கு. விளாங்குறிச்சியில புது ஐடி கட்டடம் திறந்தாச்சு, விழுப்புரம், தஞ்சாவூர், சேலம்னு டைடல் நியோங்கற சின்ன ஐடி பார்க்கும் வந்தாச்சு. சந்தோஷம். லட்சத்துக்கு மேல சம்பளம் குடுங்க, நாங்க கூட நிக்கறோம்னு கவர்மென்ட் சொல்லுது, பேப்பர் எங்களப் பாத்து கொஞ்சம் கம்மியா ஆசப்படுன்னு சொல்லுது.

இன்னொண்ணு, பல வருஷமா மனசுல இருக்கறது. மே, ஜூன் வந்தா முழுப் பக்கம் காலேஜ் விளம்பரம் போடறீங்களே, அம்பது லட்சம் ஆஃபர்னு ஒரு பையன் ஃபோட்டோவோட. மீதிப் பசங்க என்ன வாங்குனாங்கன்னு என்னைக்காவது கேட்டீங்களா? என் வீட்டுக்காரம்மா அந்த மாதிரி ஒரு காலேஜ்லதான் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துறாங்க. அவங்ககிட்ட படிச்ச பொண்ணு முதல் மாச சம்பளம் வந்துச்சு மேடம்னு ஆசையா ஃபோன் பண்ணுச்சு, இவங்க வாழ்த்து சொல்லிட்டு வெச்சுட்டாங்க. இவங்க வாங்கறது அதை விடக் கம்மி. அதுக்கும் ஊருக்கேத்த சம்பளம்னு பேரு வெச்சுருவீங்க.

போன வருஷம் ஐடிகாரங்களாலதான் கோயமுத்தூர்ல வாடகை ஏறிப்போச்சுன்னு நீங்க தலையங்கம் எழுதுனப்பவும் ஒரு கடுதாசி போட்டேன். வரல. இடப்பற்றாக்குறையா இருந்திருக்கும்.

சரி, கேக்கறது சின்ன விஷயந்தான். உங்க ஞாயிறு வேலைவாய்ப்புப் பக்கத்துல வர்ற விளம்பரமெல்லாம் "தகுதிக்கேற்ப சம்பளம்"னே இருக்கு. அமெரிக்காவுல கொலராடோவுல 2021ல இருந்தும் கலிபோர்னியாவுல 2023ல இருந்தும் வேலை விளம்பரத்துல சம்பளம் எவ்வளவுல இருந்து எவ்வளவு வரைன்னு போட்டே ஆகணும்னு சட்டமே இருக்குங்க. இங்க சட்டம் வர்ற வரைக்கும் நீங்களாவது விளம்பரம் குடுக்க வர்றவங்ககிட்ட தொகையக் கேட்டு வாங்கிப் போடுங்க. அப்படியே கட்டுரையில சிடிசி, அதாவது ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு கம்பெனி பண்ற மொத்தச் செலவு, போடறப்ப கைக்கு வர்ற தொகையையும் போடுங்க. ஆறு லட்சம்னு போட்டா ஜனங்க மாசம் அம்பதாயிரம்னு நினைச்சு பொண்ணு குடுக்கறாங்க. பிஎஃப், இன்சூரன்ஸ், வேலையைப் பொறுத்து ஏறி இறங்கற வேரியபிள், அஞ்சு வருஷம் இருந்தாத்தான் வர்ற கிராஜுவிட்டி எல்லாம் அந்த ஆறுக்குள்ளதான் கிடக்கு, வீட்டுக்கு வர்றது நாப்பது, நாப்பத்திரெண்டு.

போடறதுன்னா வெட்டாமப் போடுங்க. பேரு மட்டும் வேணாங்க, எங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல உங்க பேப்பர்தான் வாங்கறாங்க, அடுத்த மாசம் அப்ரைசல்.

இப்படிக்கு,
சரவணம்பட்டி வாசகர்