பூட்டிய கதவில் ஒட்டிய சுவரொட்டி: கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பின்பக்க நடைபாதையின் கம்பிக் கதவைத் திறக்கச் சொல்லி மலாய் மொழியில் எழுதி அலுவலகப் பெட்டியில் போட்டு வெகு நாளாகிறது. பதில் இல்லை. உங்களில் பாதிப் பேர் தமிழ் வாசிக்கிறவர்கள் என்பதால், இந்த முறை எல்லாரும் பார்க்கும்படி தமிழில் எழுதுகிறேன். விடிகாலையிலும் மாலையிலும் அந்தப் பாதையை ஏன் பூட்டினீர்கள், கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கேட்பது ஒன்றுதான். காலை 6 முதல் 8 வரை, மாலை 6 முதல் 8 வரை அந்தக் கம்பிக் கதவைத் திறந்துவிடுங்கள். விளக்கையும் போடுங்கள்.

போன மாதம் நீங்கள் நடத்திய உடல்நல நாள்தான் என்னை இதை எழுத வைத்தது. ஏற்பாட்டைக் குறை சொல்லவில்லை. இரத்த அழுத்தம் பார்த்தார்கள், விரலில் குத்தி இனிப்பு நீர் (நீரிழிவு) சோதித்தார்கள். பேச வந்த தாதி, எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். பசியாறிய கையோடு நாற்காலியில் சாயாமல் பத்து நிமிடமாவது நடங்கள், இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவில் தூக்கம் நேரத்துக்கு வரும். கைப்பேசியைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள். தினமும் நாலு பேரிடம் முகம் பார்த்துப் பேசுங்கள். ஒரு காசு செலவில்லாத காரியங்கள். கைதட்டினோம். படம் எடுத்தோம். நீங்கள் முன்வரிசையில் நின்றீர்கள்.

மறுநாள் ‘தினமும் 10,000 அடி நடப்போம்’ என்ற சுவரொட்டியை எங்கே ஒட்டினீர்கள்? அந்தப் பூட்டிய கதவிலேயே. சங்கிலிக்குச் சரியாக ஒரு சாண் மேலே. ஒட்டியவருக்குச் சிரிப்பு வரவில்லையா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. போகிற போக்கில் சொல்கிறேன், அந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் வகுத்துக் கொடுத்த கணக்கு இல்லை. 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்கப் பிடித்த எண் அது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களிடம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் ஓரளவு வேகமான நடை போன்ற உடலசைவைத்தான். பத்தாயிரமெல்லாம் எங்களுக்கு வேண்டாம். கதவு திறந்தால் போதும்.

அன்று கொடுத்த பையில் ஒரு பெட்டிப் பானமும் மூன்று பொட்டலம் ‘மூன்றும் ஒன்றில்’ காப்பியும் இருந்தன. நூறு மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பல பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலையிலிருந்து வரி போடுகிறது. நீங்கள் கொடுத்த பெட்டியின் பக்கவாட்டில் ஏழு கிராம் என்று அச்சடித்திருந்தது. சரி, அதை விடுங்கள். இலவசமாகக் கொடுத்ததைக் குறை சொல்லக்கூடாது.

மூன்றாம் மாடி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அவரைத் தெரியும். கோயில் அன்னதானத்துக்கு வெங்காயம் நறுக்க முதல் ஆளாக வந்து உட்காருகிறவர். இனிப்பு நீர் உண்டு, முழங்கால் வலி உண்டு, கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் ஜோகூர் பக்கம். பாதை திறந்திருந்த காலத்தில் விடிவதற்கு முன்பே இறங்கிவிடுவார். அவரோடு நாலாம் மாடி மாக்சிக் (மலாய்க்கார அம்மா), எதிர் புளோக் சீனப் பெரியவர், இன்னும் இரண்டு பேர். கைவீசி நடப்பார்கள், சுற்று முடிந்ததும் சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து மீன் விலையிலிருந்து மருமகள் வரை எல்லாம் பேசுவார்கள். அவர்கள் பேசிய மலாய்க்கு இலக்கணம் கிடையாது. சிரிப்புச் சத்தம் மட்டும் என் சமையலறை வரை கேட்கும்.

கதவு பூட்டியபின் அக்கா கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் நடந்து பார்த்தார். வேலைக்குக் கிளம்புகிற மோட்டார் சைக்கிள்களும் கார்களும் வரிசையாகப் பின்னால் எடுக்கிற நேரம் அது. ஒரு கார் பின்பக்கமாக வந்து அவர் கையிலிருந்த பையை இடித்துத் தள்ளியது. ஓட்டியவர் பாவம், பார்க்கவில்லை. அன்றோடு அங்கே போவதை விட்டுவிட்டார். இப்போது அவர் நடப்பது மூன்றாம் மாடி வராந்தாவில். மின்தூக்கியிலிருந்து கடைசிப் படிக்கட்டு வரை, அங்கிருந்து திரும்பி மின்தூக்கி வரை. வழியில் செருப்பு அலமாரி, துளசித் தொட்டி, யாரோ வைத்துவிட்டுப் போன காற்றிறங்கிய சைக்கிள். பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துவிடக்கூடாது என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நடக்கிறார். இனிப்பு நீர் உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கக்கூடாது என்று சொன்னது உங்கள் மேடையில் பேசிய அதே தாதிதான். நான் பார்த்தபோது, “பரவாயில்லம்மா, தரை சுத்தமாத்தான் இருக்கு” என்றார். கூட நடக்க யாரும் இல்லை. மாக்சிக் வீட்டோடு இருக்கிறார். சீனப் பெரியவரை நான் பார்த்தே நாளாகிறது.

காலை 9 மணிக்குத்தான் திறக்கிறோமே, அப்போது நடக்கட்டும் என்றார் செயலாளர். ஒன்பது மணிக்கு இந்த ஊர் வெயில் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும். வேலைக்குப் போகிறவர்கள் அதற்குள் அலுவலகம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மாலை நாலு, ஐந்து மணிக்குப் பாதி நாள் மழை கொட்டுகிறது. 1982 ஜனவரி முதல் தேதி, கிழக்கு மலேசியாவின் சபா சரவாக்கோடு ஒத்துப்போவதற்காகத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் கோலாலம்பூரில் சூரியன் எழும்போது மணி ஏழை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். ஆறரை மணிக்கு இருட்டுதான். விளக்கையும் சேர்த்துக் கேட்பது அதற்காகத்தான்.

இன்னொருவர், தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குப் போகலாமே என்றார். அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் நடப்பதற்காக ஜாலான் பகாங் சாலையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும், இல்லையென்றால் வாடகைக் கார் பிடிக்க வேண்டும். இந்த நகரமே அப்படித்தான் ஆகிவிட்டது. கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் மோட்டார் நிற்கிறது, அது இல்லாத இடத்தில் மாமாக் சாப்பாட்டுக் கடை நாற்காலி. நடப்பதற்குப் பேரங்காடிக்குப் போய், நடந்து முடித்த களைப்புக்கு அங்கேயே தே தாரிக் குடித்துவிட்டு வருகிறோம். சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வுப்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். உங்கள் அறிவிப்புப் பலகையிலும் அதைப் போட்டிருந்தீர்கள். ஊரைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கதவின் சாவி உங்கள் கையில் இருக்கிறது.

பூட்டியதற்கு நீங்கள் சொன்ன காரணம் நியாயமானது. வெளி மோட்டார்கள் அந்த வழியாக வந்து போயின, இரண்டு வீட்டில் எரிவாயுத் தோம்பு காணாமல் போனது. திருட்டை யாரும் விரும்பவில்லை. ஆனால் ஆள் நுழையும், மோட்டார் நுழையாது என்கிற மாதிரி வளைத்துப் போட்ட இரும்புத் தடுப்பு எத்தனையோ பாதசாரிப் பாலங்களின் வாசலில் இருக்கிறது. அதில் ஒன்றை இங்கே வையுங்கள். காவலுக்கு இருக்கும் ஜாகா அண்ணன் எப்படியும் ஆறு மணிக்கு ஒரு சுற்று வருகிறார். வரும்போது பூட்டைத் திறக்கட்டும், எட்டு மணிக்குப் பூட்டட்டும். மாலையிலும் அப்படியே. தடுப்புக்குக் காசு போதாது என்றால் சொல்லுங்கள், நடக்கிறவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போடத் தயார்.

பொது இடத்தை எல்லாரும் பயன்படுத்தும்படி பராமரிப்பதற்குத்தான் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி நிர்வாகக் குழு என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பாதையைக் கூட்டிப் பெருக்கவும் சேர்த்துத்தான் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். இதுபோன்ற புகார்களைப் பார்க்கும் கட்டட ஆணையரிடம் போகலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். முதலில் நம் ஆட்களிடம் கேட்போம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரும் குழுக் கூட்டத்தில் இதைத் தயவுசெய்து பேச்சுக்கு எடுங்கள். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், விளக்கோடு. ஒரு மாதம் சோதனையாகத் திறந்து பாருங்கள், திருட்டு நடந்தால் மறுபடி உட்கார்ந்து பேசலாம். முடிவு எதுவானாலும் எழுத்தில் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். மூன்றாம் மாடி வராந்தாவிலும் ஒரு பிரதி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பி புளோக் குடியிருப்பாளர்