டிக்கெட் எடுத்துக் கொடுத்தது யார்?

ஆசிரியருக்கு,

எம்.பி., எம்.எல்.ஏ.க்களின் வெளிநாட்டுப் பயணச் செலவை அந்நிய அமைப்பு ஏற்றால், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி மத்திய அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அதற்கான எஃப்சி-2 விண்ணப்பம் சாதாரணமாகப் புறப்பாட்டுக்கு இரண்டு வாரம் முன்பே உள்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். டிக்கெட் மட்டுமல்ல, ஓசியில் கிடைக்கும் அறை, சாப்பாடு, கார் எல்லாம் இதில் அடங்கும். போன இடத்தில் திடீரென நோய்வாய்ப்பட்டுப் பெறும் அவசர சிகிச்சைக்கு மட்டும் விலக்கு. அதையும் ஒரு மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. இதே டிக்கெட்டை இந்திய நிறுவனம் ஒன்று எடுத்துக் கொடுத்தால் இந்தப் பிரிவு பாயாது. மாநிலங்களவை உறுப்பினர்கள் தங்கள் சொந்த ஆதாயத் தொடர்புகளை அறிவிக்கும் நலன் பதிவேட்டில் கேட்கப்படுபவை ஐந்து: ஊதியமுள்ள இயக்குநர் பதவி, வருமானம் தரும் வழக்கமான வேலை, நிறுவனத்தையே கட்டுப்படுத்தும் அளவிலான பங்குகள், கட்டண ஆலோசனை, தொழில்முறைப் பணி. பயணத்துக்குக் கட்டமே இல்லை!

பிரிட்டன் மக்களவையில், பிறர் செலவில் போகும் வெளிநாட்டுப் பயணம் 300 பவுண்டைத் தாண்டினால் 28 நாளுக்குள் பதிய வேண்டும். யார் கொடுத்தது, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதிகளில், எதற்காக என எல்லாம் இணையத்தில் வந்துவிடும். நம் பதிவேட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் போட என்ன தயக்கம்?

- வாசகர், திருச்சி