மலைக்குள் கைமாற வேண்டிய தகவல் சென்னை வரை போவானேன்?

நீலகிரியில் இணைய இணைப்பு தரும் நிறுவனங்களுக்கும் கேபிள் ஆபரேட்டர்களுக்கும்,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். குன்னூரில் என் தம்பியின் கடையில் வேறொரு நிறுவனத்தின் இணைப்பு, நிலையான ஐ.பி. முகவரியோடு இருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவே 20 கிலோமீட்டர் சொச்சம்தான். இங்கிருந்து, தகவல் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், தகவல் மலையிறங்கிச் சென்னைக்குப் போய், அங்கே நெட்வொர்க் மாறி, மறுபடி மலையேறுகிறது. மற்ற நாளில் சில மில்லிசெகண்டு தாமதம், அவ்வளவுதான். மண் சரிந்து ஃபைபர் அறுந்த அன்று, பக்கத்து ஊர்க் கடையைக்கூடத் தொட முடிவதில்லை.

இதில், நெட்வொர்க்குகளுக்கு இடையே தகவலுக்கு வழி காட்டும் பி.ஜி.பி.யைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1989-லிருந்து இருக்கும் நெறிமுறை அது. ஒவ்வொரு நெட்வொர்க்கும் தனக்கென ஓர் அடையாள எண் (ஏ.எஸ். எண்) வைத்துக்கொண்டு, இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாக வரலாம் என்று அடுத்த நெட்வொர்க்குக்கு அறிவிக்கிறது. அதற்குக் கிலோமீட்டர் கணக்கெல்லாம் தெரியாது. உங்கள் கேபிள்கள் எந்த ஊரில் சந்திக்கின்றனவோ அங்கேதான் தகவல் கைமாறும்.

ஒரு காலத்தில் இந்தியாவுக்குள்ளேயே ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தகவல் அமெரிக்கா வரை போய்த் திரும்பியதுண்டு. அதைத் தவிர்க்கத்தான், நிறுவனங்கள் உள்நாட்டிலேயே தகவலைக் கைமாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சாக 2003-ல் நிக்ஸி வந்தது. அதே வேலையைச் சின்ன அளவில் ஊட்டியிலோ குன்னூரிலோ செய்யுங்கள் என்கிறேன். ஓர் அறை, ஒரு ஸ்விட்ச், ஜெனரேட்டர். ஆளுக்கொரு ஃபைபர் கொண்டுவந்து செருகி, கட்டணமில்லாமல் பரிமாறிக்கொள்ளலாம். இணையதளப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ். சர்வரையும் மலை மேலேயே வையுங்கள். இல்லையென்றால் வழி திறந்திருந்தும், போக வேண்டிய முகவரி தெரியாமல் நிற்போம். வெளியூர் சர்வரில் இருப்பதெல்லாம் அப்போதும் கிடைக்காதுதான். மருத்துவமனை, பள்ளி, அரசு அலுவலகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடிந்தாலே பெரிய காரியம்.

அப்புறம், கீழே இறங்கும் வழி. இரண்டு நிறுவனங்களிடம் டிரான்சிட் (வெளி இணையத்துக்குப் போகும் இணைப்பு) வாங்கி வைத்திருக்கிறோம் என்று சிலர் சொல்கிறீர்கள். சரி, இரண்டு ஃபைபரும் ஒரே சாலையோரம், ஒரே பள்ளத்தில் படுத்திருந்தால் என்ன பயன்? ஒரு வழி செத்தால் பி.ஜி.பி. தானாக அடுத்த வழிக்கு மாறும், உண்மைதான். அடுத்த வழி என்று ஒன்று நிஜமாகவே இருந்தால்தானே மாறும்! குன்னூர்ச் சாலை, கோத்தகிரிச் சாலை இரண்டும் மேட்டுப்பாளையத்தில்தான் போய்ச் சேர்கின்றன. 2009 நவம்பர் நிலச்சரிவையும் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் கொட்டிய மழையையும் பார்த்த பிறகு, இரண்டும் ஒரே நாளில் அடைபடாது என்று எப்படி நம்புவது? ஒரு வழியாவது கூடலூர்ப் பக்கம் இறங்கி மைசூரையோ நிலம்பூரையோ தொட வேண்டும்.

தொழிலில் நீங்கள் போட்டியாளர்கள் என்பது புரிகிறது. இருந்தாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை ஊட்டியில் கூடி உட்காருங்கள். யாருடைய ஃபைபர் எந்தச் சாலையோரம் போகிறது என்ற வரைபடத்தை உங்களுக்குள்ளாவது பகிர்ந்துகொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு இடம் கேட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுப்பதென்றால், ஊர்க்காரர்கள் நாங்களும் கையெழுத்துப் போட்டுக் கூடவே வருகிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரிவாசி ஒருவர்