வேலியை வெட்டிய கைக்கு நன்றி

சபையாருக்கும் ஊராருக்கும் ஸ்தோத்திரம்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்து 12 நாள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கிடந்தார்கள். டாக்டர்களுக்கும், ராத்திரியெல்லாம் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸ் தங்கச்சிகளுக்கும், 108 தம்பிகளுக்கும், ரத்தம் கொடுத்த வாலிபப் பிள்ளைகளுக்கும், பயறும் கஞ்சியுமாக பஸ் ஏறி வந்த அக்காமாருக்கும் நன்றி. (தூக்குவாளி மூன்று இங்கே இருக்கிறது. யாருடையது என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.)

அப்புறம், பெயர் போடாதே என்று சொன்ன கீழ்விளை அண்ணனுக்கு. 11 வருஷமாக எங்களுக்குள் வழித்தகராறு, கேஸ் என்பது ஊருக்குத் தெரியாத ரகசியமா? அன்று ராத்திரி மழையில் எங்கள் நடைபாதை தண்ணீர் ஓடும் தோடாகிவிட்டது. ரோட்டில் 108 நிற்கிறது, அம்மாவைக் கொண்டுபோக வழியில்லை. அண்ணன் டார்ச்சும் வெட்டுகத்தியுமாக வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வேலியை வெட்டினார். ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் போதவில்லை என்றதும், விளைந்த குலையோடு நின்ற மூன்று மட்டி வாழையையும் சாய்த்தார். சட்டையெல்லாம் வாழைக்கறை. அப்படியே வந்து தலைமாட்டைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வேதாகமத்தில் யோனா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசித்தேன். நாலே அதிகாரம். ஓய்வுநாள் பள்ளியில் யோனாவை விழுங்கிய மீனோடு நிறுத்திவிடுவார்கள், விஷயமோ கடைசி அதிகாரத்தில்தான் இருக்கிறது. தேவன் யோனாவைப் போகச் சொன்ன நினிவே, பகைவரான அசீரியரின் நகரம். யோனா அங்கே போகாமல் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறியது, தேவன் இரக்கமுள்ளவர், அவர்களை மன்னித்துவிடுவார் என்று தெரிந்துதான். தனக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்கு எரிச்சல்பட்டவனிடம், 1,20,000 பேருக்கு மேல் இருக்கிற நகரத்துக்கு நான் பரிதபிக்க வேண்டாமா என்று தேவன் கேட்கிறார். யோனா பதில் சொன்னதாக எழுதியிருக்கவில்லை.

சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற வசனம் வரும்போதெல்லாம் எனக்கு அண்ணன் முகம்தான் தெரியும். அவருக்கு அதே வசனத்தில் என் முகம் தெரிந்திருக்கும் என்பது அந்த வராந்தாவில்தான் உறைத்தது. எல்லைக்கல்லை இரண்டடி நகர்த்தியது எங்கள் அப்பா. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேஸ் நடத்தினோம்.

வக்கீலிடம் வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டேன். சர்வேயர் வந்து கல்லைப் பழைய இடத்தில் போடுவார். மன்னிப்புக் கேட்கப் போனபோது அண்ணன், "அம்மா சாப்பிட்டாளா?" என்றுதான் கேட்டார். அன்று வெட்டின குலை பழுத்திருந்தது. இரண்டு சீப்பு அறுத்துக் கையில் தந்தார்.

மேல்விளை வீட்டு மகன்