பூநாரைகளை விரட்டிப் படமெடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில், கோடியக்கரைப் பனிமூட்டத்தில் பூநாரை (ஃபிளமிங்கோ) கூட்டம் ஒன்று ஒருசேர எழும்பும் வண்ணப்படத்தை அரைப் பக்க அளவில் வெளியிட்டிருந்தீர்கள். பதினான்கு ஆண்டுகளாக மார்கழியிலும் தையிலும் அந்தச் சதுப்பின் ஓரத்தில் கேமராவுடன் காத்திருந்து பழகியவன் என்ற முறையில், கடலோரப் பறவைகளுக்குப் பத்திரிகையில் இவ்வளவு இடம் கிடைத்தது கண்டு மகிழ்ந்தேன். அதே படம் எனக்கு ஒரு கவலையையும் தந்தது. படம் எடுத்தவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இத்தகைய படத்துக்கு ஆசைப்பட்டு அங்கே நடப்பவற்றை வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கடந்த தை மாதத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், உப்பளத்தை ஒட்டிய வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாத வெண்மை. நூற்றைம்பது அடி தூரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அலகை நீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. அப்போது காரில் வந்து இறங்கிய நால்வரில் ஒருவர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிக் கைகளைத் தட்டிக் கூச்சலிட்டபடி கூட்டத்தை நோக்கி ஓடினார். மற்ற மூவரும் வரப்பில் நின்று கேமராவை இயக்கினார்கள். பறவைகள் நீரில் தடதடவென்று ஓடி எழும்பி, தெற்கே பனிக்குள் மறைந்தன. நான் அங்கே இருந்த ஒன்றரை மணி நேரத்தில் அவற்றில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இந்த ஆசை ஏன் வருகிறது என்பது எனக்குப் புரியாததன்று. பூநாரை நின்றிருக்கும்போது வெளிறிய ரோஜா நிறமாகத்தான் தெரியும். இறக்கையின் செந்நிறமும் ஓரத்துக் கரிய சிறகுகளும் அது இறக்கையை விரித்தால் மட்டுமே வெளிப்படும். வெண்பனியின் முன்னே அந்தச் சிவப்பும் கறுப்பும் ஒருசேர விரியும் கணத்தைப் பார்த்தவர் எவரும் மறக்கமாட்டார். ஆனால் அந்தக் கணத்துக்காகப் பறவை கொடுக்கும் விலை பெரிது. கனத்த உடம்பும் நீண்ட கால்களும் கொண்ட பூநாரை, பல அடி தூரம் நீரில் ஓடிய பிறகே காற்றில் ஏற முடியும். அதற்குச் செலவாகும் வலிமையை அது மணிக்கணக்கில் மேய்ந்துதான் ஈடுசெய்ய வேண்டும். அதே சேற்றில் மேயும் கொசு உள்ளான் போன்ற சிறு பறவைகளின் நிலை இன்னும் கடினமானது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அப்பறவை, வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் முட்டையிட்டுவிட்டு இங்கே வந்து, பங்குனிக்குள் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் அங்கே பறந்தாக வேண்டும். பூநாரைக் கூட்டத்தை விரட்டும்போது அவையும் சேர்ந்தே எழும்புகின்றன. படமெடுப்பவரின் கண்ணில் அவை படுவதேயில்லை.

விரட்டாமலேயே பறக்கும் படம் கிடைக்கும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அவை வடகிழக்கு நோக்கி ஏறும் என்பதால், கூட்டத்துக்குக் கிழக்கே முன்னதாகவே சென்று அமர்ந்துவிட்டால், காலை வெயில் நம் முதுகில் விழ, பறவை நம் பக்கமாகவே முகம் காட்டி வரும். பூநாரைகள் தாமாகக் கிளம்புவதற்கு முன் அறிகுறியும் காட்டும்: மேய்ச்சலை நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கழுத்தை நிமிர்த்தி, வாத்தைப் போலக் குரல் கொடுத்துக்கொண்டு, எல்லாமே ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். அந்த நடையைக் கண்டதும் கேமராவைக் கண்ணில் வைத்தால் போதும். சில நாள் அந்த நடை வராமலே பொழுது ஏறிவிடும். அன்று வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டியதுதான்.

மூடுபனியும் பொறுமையைக் கேட்பதே. வெண்மை நிறைந்த காட்சியைக் கேமரா தானாக அளந்தால் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், ஒளி அளவை ஒரு படி வரை கூட்டி வைக்க வேண்டும். பனியில் ஆட்டோஃபோகஸ் பிடிப்பின்றி முன்னும் பின்னும் அலையும். கூட்டத்தின் நடுவே குறிவைக்காமல், அருகிலுள்ள பறவையின் கழுத்தோரத்தில் ஒற்றைக் குவியப் புள்ளியை வைத்தால் நிலைகொள்ளும். இறக்கை கலங்காமலிருக்க நொடியில் ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கு வேகம் போதுமானது. ஆலா போன்ற விரைந்து திரும்பும் பறவைக்கு அதைவிடக் கூடுதல் வேகம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு வந்து கணினியில் பனியை அகற்றும் வசதியைப் பயன்படுத்தாமலிருந்தாலே பாதிப் படம் தப்பிவிடும். பனியை நீக்கினால் வானம் ஈயம்போல் கறுத்து, பறவையின் மெல்லிய ரோஜா நிறம் ஆரஞ்சாகிவிடுகிறது. அந்த விடியலில் நாம் கண்டது பனியைத்தானே.

கோடியக்கரை 1967-ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. சரணாலயத்துக்குள் படமெடுக்க நுழைவதற்கு அனுமதி தேவை என்பதையும், காட்டுயிரைச் சீண்டித் துன்புறுத்துவது குற்றம் என்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இக்கரையோரத்தைச் சூறையாடியபோது இங்கிருந்த மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அதன் பிறகும் பறவைகள் இங்கே வருகின்றன. அப்படி வந்து சேர்ந்த இடத்தில், படமெடுப்பவர்களாகிய எங்களுக்காக அவை ஓட நேர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். பறவைப் படங்களை வெளியிடுமுன், அது எப்படி எடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் காத்திருந்து கிடைத்தது, டிரோன் பயன்படுத்தப்பட்டதா என்று அனுப்பியவரிடம் கேட்டறிந்து, அதை ஒரே வரியில் படத்தின் கீழே அச்சிடுங்கள். பொங்கல் சிறப்பிதழுக்காக வாசகர்களிடம் படம் கோரும்போது, கூட்டமாகச் சிதறி எழும்பும் படங்களுக்கே முதலிடம் என்ற வழக்கத்தைக் கைவிட்டு, மேயும் பறவை, தூங்கும் பறவை, இறகு கோதும் பறவை ஆகியவற்றையும் தேர்ந்தெடுங்கள். எது பத்திரிகையில் வருகிறதோ, அதைத்தான் அடுத்த வாரம் பத்துப் பேர் எடுக்கப் போகிறார்கள்.

இக்கடிதத்துடன் இரண்டாண்டுகளுக்கு முன் எடுத்த படம் ஒன்றை இணைத்துள்ளேன். பனியில் மங்கலாகத் தெரியும் கூட்டத்தில் எல்லாப் பறவைகளும் தலை கவிழ்ந்து மேய, ஓரத்தில் நிற்கும் ஒன்று மட்டும் சோம்பல் முறிப்பதுபோல் ஒரு காலையும் ஒரு இறக்கையையும் பின்னோக்கி நீட்டியிருக்கிறது. அந்த ஒற்றை இறக்கையில் சிவப்பும் கறுப்பும் முழுமையாகத் தெரிகின்றன. பிரசுரத்துக்கு உகந்ததெனத் தோன்றினால் பயன்படுத்திக்கொள்ளலாம். அன்பளிப்பு எதுவும் வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வேதாரண்யம்.